பாறை மோதினால் பாரம் எங்கே போகும்?

பிக்கப் வாகனங்களின் கதவுகளுக்குக் கீழே, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையில், நீளமாக ஒரு படி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'சைட் ஸ்டெப்' என்று நாம் சொல்லும் அந்தப் பக்கப்படி சில வண்டிகளில் பளபளக்கும் துருப்பிடிக்காத எஃகுக் குழாயாக இருக்கும். சிலவற்றில் பிளாஸ்டிக் மூடிய அலுமினியப் பலகையாக இருக்கும். காட்டுப் பாதையில் ஓடும் வண்டிகளிலோ கறுப்புச் சாயம் பூசிய, கீறல் விழுந்த, தடித்த இரும்புக் குழாய் இருக்கும்.

தூரத்திலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் முதல் இரண்டின் மீது மனிதர் ஏறி நிற்கலாம். மூன்றாவதன் மீது வண்டியே ஏறி நிற்கலாம். காட்டுப் பாதை ஓட்டுநர்கள் அதை 'ராக் ஸ்லைடர்' என்கிறார்கள். பாறை தட்டினால் வண்டி அதன் மேல் வழுக்கிக்கொண்டு தாண்டிப் போகும் என்பதால் வந்த பெயர் அது. 1997இல் நம் நாட்டில் தொடங்கிய 'ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச்' போன்ற மழைக்காலக் காட்டுப் பந்தயங்களின் படங்களைப் பார்த்தால், வண்டிகள் மரவேரிலும் பாறையிலும் பக்கவாட்டாகச் சாய்ந்து நிற்பதைக் காணலாம். அந்த நேரத்தில் கதவைக் காப்பாற்றுவது இந்தக் குழாய்தான்.

நான் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. கடந்த பருவ விடுமுறையில், கேமரன் மலையில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் என் மாமாவின் டொயோட்டா ஹைலக்ஸ் வண்டிக்கு இப்படியொரு பாதுகாப்புப் படியை வடிவமைத்துப் பட்டறையில் செய்து பூட்டினோம். அதில் வந்த கணக்குகளில் பெரும்பாலானவை படிவம் 4, படிவம் 5 இயற்பியல் படித்தவர்களுக்குப் புரியக்கூடியவை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

கதவு திறக்காத நாள்

கேமரன் மலையில் தோட்டங்கள் பெரும்பாலும் சரிவில் இருக்கின்றன. தார்ச்சாலை முடிந்த பிறகு செம்மண் பாதை. மழை பெய்தால் மண் கரைந்து ஓடிவிடும், கல் மட்டும் மேலே தெரியும். பழைய லேண்ட்ரோவர்கள் இன்னமும் அங்கே முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு ஓடுவதற்குக் காரணமும் அந்தப் பாதைகள்தான்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு காலை, மாமா பாட்டியைக் கிளினிக்குக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். இரவு மழையில் பாதையின் குறுக்கே வாய்க்கால்போல ஒரு பள்ளம் விழுந்திருந்தது. இடது முன் சக்கரம் அதில் இறங்கியதும், ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த பாறை பக்கப்படியில் முட்டியது. படி மேல்நோக்கி மடங்கி, கதவுக்குக் கீழே இருக்கும் தகட்டை அழுத்தி நசுக்கியது. பின்கதவு இறுகிக்கொண்டது. அதன் பக்கத்தில்தான் பாட்டி உட்கார்ந்திருந்தார்.

யாருக்கும் காயமில்லை. ஆனால் 76 வயதில், முழங்கால் வலியோடு இருக்கும் பாட்டியை இருக்கை மீதே நகர்த்தி, சாய்ந்து நின்ற வண்டியின் மறுபக்கக் கதவு வழியாகத் தூக்கி இறக்க வேண்டியிருந்தது. வண்டி இன்னும் கொஞ்சம் சரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றைக்கு எல்லாரும் யோசித்தோம். மாமா சொன்னது ஒன்றுதான்: "படி போனா போகட்டும்மா. கதவு திறக்கலேன்னா என்ன பண்றது?"

பாரம் போகும் வழி

அந்தக் கேள்விக்கு விடை வண்டியின் அமைப்பில் இருக்கிறது. ஹைலக்ஸ், லேண்ட்ரோவர் போன்ற வண்டிகளுக்கு அடியில் ஏணியைப் போன்ற ஓர் இரும்புச் சட்டம் உண்டு. அதுதான் சேசிஸ். இயந்திரம், சக்கரங்கள், சுமை எல்லாவற்றையும் தாங்குவது அது. நாம் உட்காரும் கூடு அந்தச் சட்டத்தின் மேல் ரப்பர் தாங்கிகளில் உட்கார்ந்திருக்கிறது. கூடு செய்யப்பட்டிருப்பது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள தகடுகளால்.

சாதாரணப் பக்கப்படி ஒரு மனிதரின் எடைக்காகச் செய்யப்பட்டது. 80 கிலோ, 100 கிலோ என்றால் கீழ்நோக்கி அழகாகத் தாங்கும். பாறை கீழிருந்து மேலே தள்ளும்போது நிலைமை தலைகீழ். மெல்லிய பிடிப்புகள் மடங்கும். மடங்கிய குழாய்க்குப் போக ஒரே இடம்தான் இருக்கிறது: கதவுக்குக் கீழே உள்ள தகடு. அதாவது, பாறையின் விசை வண்டியின் மிக மெலிந்த பகுதியைத் தேடிப் போகிறது.

பாதுகாப்புப் படியின் வேலை அந்த வழியை மாற்றுவது. பாறையிலிருந்து குழாய்க்கு, குழாயிலிருந்து கால்களுக்கு, கால்களிலிருந்து தகட்டுக்கு, தகட்டிலிருந்து சேசிஸுக்கு. கூட்டின் மெல்லிய தகடு இந்த வரிசையில் எங்கேயும் வரக்கூடாது. நாங்கள் எடுத்த எல்லா முடிவுகளும் இந்த ஒரு விதியிலிருந்துதான் வந்தன.

முதல் கணக்கு: உயரம்

முதலில் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனேன். சேசிஸின் அடிப்பாகம் தரையிலிருந்து 400 மில்லிமீட்டர். பழைய படியின் அடிப்பாகம் 330 மில்லிமீட்டர். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம் 3,085 மில்லிமீட்டர்.

ஒரு மேட்டின் உச்சியை வண்டி கடக்கும்போது, முன் சக்கரம் அந்தப் பக்கம் இறங்கியிருக்கும், பின் சக்கரம் இந்தப் பக்கம் இருக்கும். நடுவில் வயிறு தட்டாமல் போக வேண்டும். எவ்வளவு கூர்மையான மேட்டைக் கடக்கலாம் என்பதைச் சாதாரண முக்கோணவியலால் கண்டுபிடிக்கலாம். அச்சுத் தூரத்தில் பாதி 1,542.5. உயரத்தை அதால் வகுத்து, அந்த டேஞ்சன்ட் மதிப்புக்குரிய கோணத்தைக் கண்டு, இரண்டால் பெருக்க வேண்டும்.

சேசிஸ் மட்டும் இருந்தால் விடை சுமார் 29 பாகை. பழைய படியோடு பார்த்தால் 24 பாகை. டயரின் வளைவைக் கணக்கில் எடுக்காத எளிய முறை இது. ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்கப் போதுமானது. அழகுக்காகப் பூட்டிய ஒரு படி, வண்டியின் திறனில் 5 பாகையைத் தின்றுவிட்டது. வண்டியின் வழியில் முதலில் தட்டும் பொருளாகவும் அதுவே ஆகிவிட்டது.

எனவே புதிய குழாயின் அடிப்பாகம் சேசிஸைவிட உயரத்தில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். கால்களைச் சேசிஸிலிருந்து வெளிப்பக்கமாகச் சற்று மேல்நோக்கிச் சாய்த்து, 430 மில்லிமீட்டரில் குழாயை வைத்தோம். 29 பாகை திரும்பக் கிடைத்தது.

குழாய்க்கும் கூட்டுக்கும் நடுவே 25 மில்லிமீட்டர் இடைவெளி விட்டோம். இது முக்கியம். கூடு ரப்பர் மேல் இருப்பதால் ஓடும்போது சேசிஸோடு ஒப்பிட்டால் கொஞ்சம் அசையும். குழாயும் அடிபட்டால் சற்று வளையும். இடைவெளி இல்லையென்றால் இரண்டும் முட்டிக்கொள்ளும். பாரத்தின் வழி மறுபடி கதவுக்கே திரும்பிவிடும்.

இரண்டாம் கணக்கு: எந்தக் குழாய்?

இரும்புக்கடையில் குழாய் வாங்கப் போனால் ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. '2 இன்ச் பாய்ப்' என்று கேட்டால் கிடைப்பது 60.3 மில்லிமீட்டர் வெளிவிட்டம் கொண்ட குழாய். 2 அங்குலம் என்பது 50.8 மில்லிமீட்டர்தானே? குழாய் வியாபாரத்தில் அங்குலம் என்பது வெறும் பெயர். அளவைக் கையால் அளந்துதான் வாங்க வேண்டும். அதேபோல, 'ஒன்றரை இன்ச்' குழாயின் வெளிவிட்டம் 48.3 மில்லிமீட்டர்.

இந்த இரண்டில் எது? வண்டியின் எடை சுமார் 2 டன். ஒரு பக்கம் முழுவதும் பாறையில் உட்கார்ந்தால் 1 டன், அதாவது ஏறக்குறைய 10,000 நியூட்டன். ஒரு பக்கத்துக்கு நான்கு கால்கள் வைக்கிறோம். ஆனால் பாறை நான்கையும் ஒன்றாகத் தொடாது. மோசமான நிலையில் இரண்டு கால்கள் மட்டுமே தாங்கும் என்று வைத்துக்கொண்டால், காலுக்கு 5,000 நியூட்டன். சேசிஸிலிருந்து குழாய் 200 மில்லிமீட்டர் வெளியே இருக்கிறது. விசையைத் தூரத்தால் பெருக்கினால் திருப்புத்திறன் வரும்: 1,000 நியூட்டன் மீட்டர். கால் சேசிஸோடு சேரும் இடத்தில் அதை வளைக்கப் பார்க்கும் அளவு அது.

இதைக் குழாயின் வடிவத்துக்கு ஏற்ப வகுத்தால், இரும்பில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எவ்வளவு விசை விழுகிறது என்று தெரியும். 60.3 மில்லிமீட்டர் குழாயில், சுவர் 3.91 மில்லிமீட்டர் என்றால், சுமார் 109 நியூட்டன். 48.3 மில்லிமீட்டர் குழாயில், சுவர் 3.68 மில்லிமீட்டர் என்றால், சுமார் 187 நியூட்டன். சாதாரண மென் எஃகு ஏறக்குறைய 250 வரை தாங்கும். அதைத் தாண்டினால் வளைந்தது வளைந்ததுதான், பழைய வடிவத்துக்கு மீளாது.

அப்படியானால் இரண்டுமே போதும்போலத் தோன்றும். ஆனால் வண்டி பாறை மேல் மெதுவாக வைக்கப்படுவதில்லை, விழுகிறது. ஒரு பாரம் திடீரென்று விழும்போது அதன் விளைவு குறைந்தது இரண்டு மடங்காகும் என்று பொறியியலில் கணக்கிடுவோம். இரட்டித்துப் பார்த்தால் பெரிய குழாயில் 218. எல்லைக்குள் இருக்கிறது. சிறிய குழாயில் 374. மடங்கிவிடும்.

எடை எவ்வளவு கூடியது? பெரிய குழாய் ஒரு மீட்டருக்கு 5.4 கிலோ, சிறியது 4 கிலோ. மூன்றில் ஒரு பங்கு எடையைக் கூட்டி, ஏறக்குறைய 70 விழுக்காடு கூடுதல் வலுவைப் பெறுகிறோம். இன்னொன்றையும் போட்டுப் பார்த்தேன். அதே 5.4 கிலோ இரும்பை உள்ளீடற்ற குழாயாக இல்லாமல் கெட்டிக் கம்பியாகச் செய்தால் விட்டம் 30 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். அது வளைவை எதிர்க்கும் விறைப்பு குழாயில் ஏழில் ஒரு பங்குதான். மூங்கில் ஏன் உள்ளே வெறுமையாக இருக்கிறது என்பதற்கும் இதே கணக்குதான். இரும்பு நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, வளைவை அவ்வளவு எதிர்க்கும்.

பட்டறையில்

ஈப்போவுக்கு அருகில், சிம்பாங் பூலாயிலிருந்து மலைக்கு ஏறும் சாலைப் பக்கம் ஒரு சிறிய பட்டறை. அதை நடத்தும் அண்ணன் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். இடைநிலைப்பள்ளிக்குப் பிறகு வெல்டிங்கில் மலேசியத் திறன் சான்றிதழ் எடுத்தவர். நான் படித்தது முழுவதும் ஆங்கிலச் சொற்கள். பட்டறையில் தமிழ், மலாய், சீனம் மூன்றும் கலந்து ஓடும். சதுரக் குழாயை யாரும் பாடப்புத்தகப் பெயரால் அழைப்பதில்லை, 'பெசி ஹோலோ'தான்.

என் வரைபடத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "கணக்கு சரி தங்கச்சி. உருண்டைக் குழாய் முனை இன்னொரு உருண்டைக் குழாய் மேல உட்காரணும். அந்த வளைவை எப்படி வெட்டறது?"

இரண்டு உருளைகள் சந்திக்கும் கோட்டுக்குச் சமன்பாடு உண்டு. நான் அதை எழுதத் தொடங்கினேன். அவர் ஒரு கெட்டிக் காகிதத்தை எடுத்துக் குழாயைச் சுற்றி வைத்து, நான்கு இடத்தில் குறியிட்டு, வளைகோடு வரைந்து வெட்டினார். காகிதத்தை மறுபடி குழாயில் சுற்றி, சாக்கட்டியால் கோடு போட்டு, கிரைண்டரால் வெட்டினார். இரண்டு குழாய்களும் இடைவெளி தெரியாமல் உட்கார்ந்தன. பிறகு என் சமன்பாட்டை வைத்து வரைந்த வளைகோட்டை அந்தக் காகிதத்தின் மேல் வைத்துப் பார்த்தோம். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. அவர் சிரித்துக்கொண்டே, "அப்ப நானும் இன்ஜினியர்தான் லா," என்றார்.

அவரிடம் கற்றுக்கொண்டவை இன்னும் சில. ஒன்று, துத்தநாகம் பூசிய 'ஜிஐ' குழாய் வாங்கக்கூடாது. பற்றவைக்கும்போது துத்தநாகம் ஆவியாகி வரும் புகை நுரையீரலுக்குக் கேடு, காய்ச்சலே வந்துவிடும். பூச்சில்லாத கறுப்புக் குழாய்தான் வேண்டும். இரண்டு, ஒரு பக்கத்தை முழுதாகப் பற்றவைத்துவிட்டு மறுபக்கம் போகக்கூடாது. சூடான இரும்பு ஆறும்போது சுருங்கும், குழாயைத் தன் பக்கம் இழுத்து வளைத்துவிடும். முதலில் எல்லா மூட்டுகளிலும் சிறு புள்ளிகளாக ஒட்டிவிட்டு, பிறகு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிப் பற்றவைக்க வேண்டும். மூன்று, குழாயின் திறந்த முனைகளைத் தகடு வைத்து மூட வேண்டும். மூடாவிட்டால் சேறும் தண்ணீரும் உள்ளே தங்கி, வெளியே தெரியாமல் துருப்பிடிக்கும்.

பின்முனையில் குழாயை வெளிப்பக்கமாகச் சற்று விலக்கி வளைத்ததும் அவர் யோசனைதான். மரத்தையோ பாறையையோ ஒட்டித் திரும்பும்போது அந்த வளைவு வண்டியின் பின்பகுதியைத் தள்ளிவிடும். ஆனாலும் அது கூட்டின் அகலத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டோம். நம் சாலைகளில் மோட்டார்சைக்கிள்கள் எவ்வளவு நெருக்கமாகப் போகின்றன என்பது உங்களுக்கே தெரியும். நமக்குப் பாதுகாப்பான ஒன்று இன்னொருவரின் காலைக் கிழிக்கக்கூடாது.

துளை போடலாமா?

படியைச் சேசிஸோடு எப்படிச் சேர்ப்பது என்பதுதான் மிகப் பெரிய முடிவு. நேரடியாகப் பற்றவைப்பது ஒரு வழி. மலிவு, உறுதி. ஆனால் அந்தச் சூடு சேசிஸின் எஃகை அந்த இடத்தில் மாற்றிவிடும். சேசிஸை ஒட்டியே எரிபொருள் குழாய், பிரேக் குழாய், மின்கம்பிகள் எல்லாம் ஓடுகின்றன. பிறகு படி வளைந்தால் கழற்றவும் முடியாது. எனவே போல்ட் போட்டுப் பூட்டுவது என்று முடிவு செய்தோம்.

அப்படியானால் புதிதாகத் துளை போடலாமா? இங்கே ஒரு விதியை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். பாரம் ஏற்றிய சட்டம் வளையும்போது அதன் மேல் விளிம்பும் அடி விளிம்பும்தான் அதிகமாக அழுத்தப்படும், இழுக்கப்படும். பக்கச் சுவரின் நடுவில் வளைவால் வரும் இழுப்பு மிகக் குறைவு. மேலேயோ அடியிலேயோ துளை போட்டால், அதிகம் உழைக்கும் இடத்திலிருந்து இரும்பை எடுக்கிறோம் என்று பொருள். விரிசல் அங்கேதான் தொடங்கும். ஆகவே தொழிற்சாலையிலேயே பக்கச் சுவரில் போடப்பட்டிருந்த துளைகளைப் பயன்படுத்தினோம். துளை இல்லாத இடங்களில் சேசிஸைச் சுற்றிக் கவ்வும் யூ வடிவப் போல்ட்டுகளைப் போட்டோம். அவை பிரேக் குழாயைத் தொடுகின்றனவா என்று ஒவ்வொன்றாக விளக்கடித்துப் பார்த்தோம்.

ஒவ்வொரு காலின் உள்முனையிலும் 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள தகடு. அது சேசிஸின் பக்கச் சுவரை முழு உயரத்துக்கும் மூடி, அடியிலும் மடங்கி நிற்கிறது. பாறை வெளிமுனையை மேலே தள்ளும்போது, தகட்டின் மேல்பகுதி சேசிஸை அழுத்தும், கீழ்ப்பகுதி பிரிந்து வரப் பார்க்கும். தகட்டின் உயரம் இரட்டித்தால், கீழே உள்ள போல்ட்டின் மீதான இழுப்பு பாதியாகும். கதவின் கைப்பிடியை ஏன் கீலிலிருந்து தள்ளி வைக்கிறார்களோ, அதே காரணம்.

போல்ட்டின் தலையில் '8.8' என்று பொறித்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? முதல் 8 என்றால், சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை இழுத்தால்தான் அறும். புள்ளிக்குப் பின்னால் உள்ள 8, அதில் 80 விழுக்காடு, அதாவது 640 வரை நிரந்தரமாக நீளாது என்பதைச் சொல்கிறது. அந்த எண் இல்லாத போல்ட் எவ்வளவு தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நாங்கள் 12 மில்லிமீட்டர் 8.8 போல்ட்டுகளை அளவுகாட்டும் ஸ்பானரால் 80 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கினோம். ஒரு வாரம் ஓடிய பிறகு மறுபடி சோதித்தோம்.

பாட்டியின் முழங்கால்

பாதுகாப்புக்காகக் குழாயை உயர்த்தியதில் ஒரு சிக்கல் இருந்தது. பழைய படியின் மேல்பாகம் தரையிலிருந்து 390 மில்லிமீட்டர். புதியது 490. வீட்டு மாடிப்படி ஒன்றின் உயரம் ஏறக்குறைய 180 மில்லிமீட்டர்தான். பாட்டியால் 490 ஏற முடியாது. யாருக்காக இந்த வேலையைத் தொடங்கினோமோ, அவரே ஏற முடியாத படி எதற்கு?

பாறைக்குத் தட்டாமல் இருக்கப் படி உயரமாக இருக்க வேண்டும். பாட்டி ஏறத் தாழ்வாக இருக்க வேண்டும். இரண்டும் எதிரெதிர். விறைப்பான இரும்பை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது.

விடை கனரக இயந்திரங்களில் இருந்தது. மண்வாரி இயந்திரங்களிலும் பெரிய லாரிகளிலும் சிலவற்றின் கடைசிப் படி கெட்டி ரப்பர் பட்டையிலோ கம்பி வடத்திலோ தொங்கும். ஏதாவது மோதினால் உடையாமல் ஒதுங்கிக்கொள்ளும். நாங்களும் பழைய கன்வேயர் பெல்ட்டிலிருந்து இரண்டு பட்டைகளை வெட்டி, பின்கதவுக்குக் கீழே 270 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு சிறு தகட்டைத் தொங்கவிட்டோம். பாறை தட்டினால் அது பின்னால் மடங்கும், பிறகு தானாக நேராகும். நிற்கும் இடங்களில் எல்லாம் மேடு பள்ளம் கொண்ட தகடு வைத்தோம், ஈரச் செருப்பு வழுக்காமல் இருக்க.

தொங்கும் படி கொஞ்சம் ஆடும் என்பதால், கதவுத் தூணின் உட்பக்கம் ஒரு கைப்பிடியும் பொருத்தினோம். பாட்டி ஏறிப் பார்த்தார். முதல் தடவை என் தோளைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது தடவை கைப்பிடியை மட்டும் பிடித்து ஏறினார். "இதுவே முன்னாடி செஞ்சிருக்கலாமே," என்று மாமாவைப் பார்த்துச் சொன்னார்.

சோதனையும் செலவும்

பாறையில் போய்ச் சோதிப்பதற்கு முன்னால் பட்டறையிலேயே சோதித்தோம். மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, குழாயின் அடியில் ஜாக்கியை வைத்து, முன் சக்கரம் தரையைவிட்டு எழும் வரை தூக்கினோம். அடியில் யாரும் போகவில்லை, கையைக்கூட நீட்டவில்லை. குழாய் 3 மில்லிமீட்டர் மேலே வந்தது. கூட்டோடு இருந்த இடைவெளி 22 ஆனது. இறக்கியதும் மறுபடி 25. படிவம் 5இல் படிக்கும் மீள்தன்மை என்பது இதுதான். பாரம் நீங்கியதும் பழைய இடத்துக்கு வந்தால், எல்லைக்குள் இருக்கிறோம்.

இதற்குக் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். ஒரு பக்கத்துக்கு 26 கிலோ, இரண்டுக்கும் 52 கிலோ. ஒரு மூட்டை உரத்தின் எடை. வண்டி எவ்வளவு ஏற்றலாம் என்ற வரம்பிலிருந்து அதைக் கழிக்க வேண்டும், எரிபொருளும் கொஞ்சம் கூடும். தார்ச்சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு இது வீண் சுமை. அவர்களுக்குச் சாதாரணப் படியே போதும்.

சட்டமும் இருக்கிறது. வாகனத்தின் கட்டுமானத்துக்கு 1959ஆம் ஆண்டிலிருந்தே நம் நாட்டில் தனி விதிகள் உண்டு. எதையும் பூட்டுவதற்கு முன்னால் சாலைப் போக்குவரத்துத் துறையிடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் கேட்டுத் தெரிந்துகொள்வது வண்டிக்காரரின் பொறுப்பு. கூடவே, பக்கவாட்டுக் காற்றுப்பை உள்ள வண்டிகளில் அதன் உணரிகளுக்கு அருகில் எதையும் துளைக்கவோ பற்றவைக்கவோ கூடாது. வண்டியின் எந்தப் பகுதியில் வெல்டிங் செய்தாலும் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும்.

கடையில் கேட்க வேண்டியவை

உங்கள் வீட்டிலும் யாராவது பிக்கப் வைத்திருக்கலாம். அப்பாவோ அண்ணனோ பக்கப்படி வாங்கப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். நான்கு கேள்விகள் கேளுங்கள். இது சேசிஸில் பூட்டப்படுகிறதா, கூட்டிலா? குழாயின் சுவர் எத்தனை மில்லிமீட்டர்? பூட்டிய பிறகு வண்டியின் அடியில் எவ்வளவு உயரம் மிஞ்சும்? ஜாக்கி வைத்து இதன் மேல் வண்டியைத் தூக்கலாமா? கடைசிக் கேள்விக்குக் கடைக்காரர் தயங்கினால், அது ஏறி நிற்பதற்கான படி மட்டுமே என்று தெரிந்துகொள்ளலாம். அதில் தவறில்லை. எதற்காக வாங்குகிறோம் என்பது தெரிந்திருந்தால் போதும்.

எஸ்பிஎம் முடித்துவிட்டு என்ன படிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இந்தப் படியில் என் கணக்கு எத்தனை இருக்கிறதோ, அதைவிட அதிகமாகப் பட்டறை அண்ணனின் கைவேலை இருக்கிறது. மூட்டு சரியாகப் பிடிக்கவில்லையென்றால் 218 என்ற என் எண்ணுக்கு எந்த மதிப்பும் இல்லை. குழாயின் அளவு தவறாக இருந்தால் அவருடைய அழகான மூட்டும் பாறையில் மடங்கிவிடும். பல்கலைக்கழகம், பாலிடெக்னிக், திறன் பயிற்சிக் கல்லூரி எதில் சேர்ந்தாலும், மற்ற இருவரின் வேலையையும் போய்ப் பாருங்கள்.

அதுவரை, பள்ளியில் இருக்கும் நாற்காலி, வீட்டு மாடிப்படி, கோயில் திருவிழாவுக்குப் போடும் பந்தல் எதைப் பார்த்தாலும் ஒரு கேள்வி கேட்டுப் பழகுங்கள்: இதன் மேல் விழும் பாரம் எந்த வழியாகத் தரைக்குப் போகிறது? விரலால் அந்த வழியைத் தொட்டுக்கொண்டே போங்கள். எங்கே விரல் மெல்லிய ஒன்றின் மேல் வந்து நிற்கிறதோ, முதலில் கவனிக்க வேண்டிய இடம் அதுதான்.